கறுப்பு லைனிங்

திரைத்துணிக்கு இஸ்திரி போடுவது சட்டைக்குப் போடுவது போல இல்லை. சட்டை கசங்கியிருந்தால் போட்டிருக்கிறவனைத்தான் ஏளனமாகப் பார்ப்பார்கள். திரை கசங்கியிருந்தால் வீட்டையே ஏளனமாகப் பார்ப்பார்கள். எதிர்க்கடைக்காரி தைக்கிற திரைகள் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். அவள் தைப்பாள், நான் தேய்த்து மடிப்பேன், அவள் புருஷன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவார். எங்கள் மூன்று பேர் சோறும் ஒரே துணியில்தான் ஓடியது.

அவருக்குத் தெருவில் ஏணி என்றே பெயர். ஆளும் அந்த உயரம். வாசற்படியில் தலை இடிக்காமல் அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததை நான் பார்த்ததில்லை. இடித்துக்கொண்டு, "அளவு சரியா இருக்கா பாத்தேன்" என்பார். வீடுகளுக்குள் கம்பி அடித்துத் திரை மாட்டுவதோடு, கடைவாசல்களில் வெயில் மறைக்கிற படுதா கட்டுவதும் அவர் வேலைதான். அடுத்தவன் நிழலில் நிற்க, இவர் உச்சிவெயிலில் ஏணிமேல் நிற்பார். தொப்பி போடச் சொன்னால், அண்ணாந்து பார்க்கும்போது விழுந்துவிடுகிறது என்பார்.

மூக்கின் ஓரத்தில் முதலில் ஒரு பரு மாதிரி வந்தது. பளபளப்பாக, மணி மாதிரி. சவரம் செய்யும்போது கீறி ரத்தம் வந்தது, பொருக்கு கட்டியது, உதிர்ந்தது, மறுபடி ரத்தம். "பிளேடு மழுங்கிடுச்சு" என்று அவர் பிளேடை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அது குழிந்து, ஓரம் தடித்து, எதிரில் நிற்கிறவர்கள் கண் வேறெங்கும் போகாத அளவுக்கு ஆகிவிட்டது. அவரோடு பேசுகிறவர்கள் எல்லாம் மூக்கோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான், பொய் சொல்வானேன்.

அந்த நாட்களில் ஒரு நடுப்பகலில், தேய்த்த மூட்டையைக் கொடுக்க நான் அவள் கடைக்குள் நின்றிருந்தேன். மாதிரித் துணி பார்க்க ஒரு அம்மாள் வந்திருந்தாள். நல்ல துணியாகத் தேர்ந்தெடுத்தாள், நாலு ஜன்னலுக்குச் சொன்னாள். பிறகு, அலமாரிக்கு மேலே ஏணியில் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாட்ட அவர்தான் வருவாரா?"

"ஆமாங்க."

"இல்ல, வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்கு. ஒட்டிக்கிற சமாச்சாரமா என்னன்னு தெரியல. உங்க வீட்டுக்காரரா?"

எதிர்க்கடைக்காரி கையில் அளவு டேப் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "இல்லங்க. கம்பி மாட்ட வர்றவர். உங்களுக்கு வேற ஆளை அனுப்பறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே தூசி தட்டுகிற சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

சாயங்காலம் அவர் ஏணியை மடித்து வைத்துவிட்டு, "கம்பி மாட்ட வந்தவனுக்கு ஒரு டீ கிடைக்குமா முதலாளியம்மா?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அவள் டீயைக் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, தேய்க்காத துணியைத் தேய்த்த துணியோடு கலந்து வைத்து அழுதாள்.

"எப்படி அந்த வார்த்தை வாயில வந்துச்சுன்னே தெரியலக்கா."

"தெரியலன்னா யாருக்குடி தெரியும்? கட்டின புருஷன். ஏணிமேல நிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஆளா அவரு?"

"நாலு ஜன்னல்க்கா."

"நாப்பது ஜன்னலா இருந்தாத்தான் என்ன?"

நன்றாகத் திட்டினேன். கேட்டுக்கொண்டு அழுதாள். ஒரு நல்லது நடந்தது, மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். தோல் கேன்சர் என்றார்கள். ஒட்டாது, அவசரமாக உயிரை எடுக்காது, ஆனால் விட்டால் மூக்கைத் தின்றுவிடும் என்றார்கள்.

பெரிய டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். கத்தி வைத்தால் மூக்கின் ஒரு ஓரத்தையே எடுக்க வேண்டி வரும், அதற்கு முன்னால் வெளிச்ச வைத்தியம் செய்து பார்க்கலாம் என்றாராம்.

"ஊசியில ஒரு மருந்து ஏத்துவோம். அது உடம்பு பூராவும் போகும். ஆனா இந்தக் கட்டி இருக்கிற இடத்துல கூடுதலா தங்கும். ரெண்டு நாள் கழிச்சு அந்த இடத்துல மட்டும் சிவப்பு வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்டதும் மருந்து வேலை செஞ்சு கேன்சர் செல்லைக் கொல்லும்."

"வெறும் லைட்டாலயா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"லைட் பாதி வேலை செய்யும். மீதியை உங்க உடம்பு செய்யணும். இத்தனை நாளா உங்க எதிர்ப்புச் சக்திக்கு இது திருடன்னே தெரியல, வீட்டு ஆளுன்னு விட்டு வச்சிருக்கு. செத்த செல்லு உடையறப்பத்தான் அடையாளம் தெரிஞ்சு ஓடி வரும். அப்ப முகம் வீங்கும், சிவக்கும், தண்ணி கோக்கும், பொருக்கு கட்டும். இப்ப இருக்கிறதைவிட மோசமாத் தெரியும். அதைப் பாத்துப் பயந்துடாதீங்க. உங்க உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம்."

"அப்ப மூக்குமேல போலீஸ் வந்து நிக்கும்னு சொல்லுங்க. அதுவும் சரிதான். இல்லாட்டி மூக்கறுபட்டு வந்தான்னு தெருவுல நிஜமாவே சொல்லிடுவாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். இவள்தான் சிரிக்கவில்லை.

வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னது ரொம்பப் பிறகு. ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு மாசத்துக்கு மேலயே ஜாக்கிரதையா இருக்கணும். வெயில் படக்கூடாது, ஜன்னல் வழியா வர்ற வெயிலும் கூடாது. பளீர்னு எரியற விளக்குக்குக் கிட்ட போகக்கூடாது. பட்டா தோல் வெந்து போயிடும். ஆனா இருட்டு ரூம்லயும் போட்டுடாதீங்க. வீட்டுக்குள்ள சாதாரண வெளிச்சத்துல நடமாடட்டும். அந்த வெளிச்சம்தான் தோல்ல மிச்சம் இருக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். இருட்டுலயே இருந்தா மருந்து அப்படியே தங்கிடும்."

இவள் தலையாட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. அப்புறம் அவர் வெளியே வந்தார். பாதி முகம் வீங்கி, ஒரு கண் இடுங்கி, மூக்கு இருந்த இடத்தில் ஈரமும் பொருக்குமாக. ஆஸ்பத்திரி நடையில் போகிற வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இவள் அவர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டாள். கைக்குட்டையை மேலே ஏற்றிவிட்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று அவர் கேட்டார்.

"வெளிச்சமே கூடாதாம்" என்றாள்.

அவர்கள் வீடு இரண்டே அறை. முன்னறை கடை. பின்னறையில்தான் படுக்கை, அடுப்பு எல்லாம். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால் பின்னறை தெரியும். பின்னறைக்குச் சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல். அன்று சாயங்காலமே அவள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். சினிமாக் கொட்டகைக்குத் தைக்கிற மாதிரி கனமான கறுப்பு லைனிங், அதுவும் இரட்டையாக. மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. தூறலில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஒரு இடத்துல சுருக்கம் இருந்தாக்கூட அங்க வெளிச்சம் ஒழுகும்க்கா. அழுத்தித் தேய்ங்க."

"மழை ஒழுகறதுதான் கேள்விப்பட்டிருக்கேன்."

"வெளிச்சம் அதைவிட மோசம். எங்க சந்து இருக்கோ தேடிக்கிட்டு வரும்."

அழுத்தித் தேய்த்தேன். இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே அந்தக் கறுப்புத் துணி சூடாகி ஒரு மாதிரி வாடை அடித்தது. மூட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது பார்த்த காட்சி மறக்காது. அவள் ஏணிமேல் நின்று சுவரில் ட்ரில் போட்டுக்கொண்டிருக்கிறாள், தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே உத்தரவு போடுகிறார்.

"கம்பி கோணாம ரசமட்டம் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கம்பிக்கும் சுவருக்கும் நடுவுல மேல ஒழுகும். அங்க ஒரு மூடி தைச்சு விடு. ரெண்டு பக்கமும் சுவரோட சேத்து ஆணி அடி. இத்தனை வருஷமா மாட்டறேன், எனக்குத் தெரியாதா அது வர்ற வழி?"

"நீங்க சும்மா பிடிங்க. ஏணி ஆடுது."

"ஏணி ஆடல. முதலாளியம்மாவுக்குக் காலு ஆடுது."

ஜன்னலை மூடியாயிற்று. கடைக்கும் பின்னறைக்கும் நடுவிலும் ஒரு திரை. நான் உள்ளே நின்றிருந்தேன், என் கையை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன், தெரியவில்லை. நிஜமாகவே நல்ல வேலை. அவர் குரல் மட்டும் வந்தது: "பலே! இப்ப என் மூக்கு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல." நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

மழை விடாமல் பெய்தது. துணி காயாமல் என் தொழில் படுத்தது. அவள் கடையில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டவர்களுக்கு, "வெளியூர்ல வேலை, வர நாளாகும்" என்றாள். முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. அப்புறம் பழகிவிட்டது. அப்போதெல்லாம் அவர் திரைக்குப் பின்னால் ஒரு தும்மல் போடாமல் உட்கார்ந்திருப்பார். வெளியூரில் இருக்கிற ஆள் தும்மக்கூடாதே!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடை சாத்தியதும் அவள் அந்த இருட்டுக்குள் போய்விடுவாள். திரையின் தலைப்புப் பட்டையில் கொக்கி கோக்கிற வேலை கண்ணில்லாமல் கைத்தடவலில் செய்யக்கூடியதுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து கோப்பார்கள். சந்துப் பக்கம் நான் துணி எடுக்கப் போகும்போது பேச்சு கேட்கும். எவ்வளவு பேச்சு! கல்யாணமான புதிதில் எவனோ ஒருவன் ஜன்னலே இல்லாத அறைக்குத் திரை கேட்ட கதை, அவர் மாடிப்படியில் தொங்கிய கதை, அவள் அளவு தப்பாக வெட்டிவிட்டு அவர்மேல் பழி போட்ட கதை. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதற்கு முன்னால் கிடையாது. ஒரு நாள் நான் உள்ளே போய், "புது ஜோடி மாதிரில்ல இருக்கு" என்றேன்.

"அக்கா, வழியில உக்காந்திருக்கோம். மிதிச்சுடாதீங்க" என்றார் அவர். குரல் தரைக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. அவள் குரலும் அதே இடத்தில் இருந்துதான் வந்தது.

அவளுக்குள் உறுத்தல் இல்லாமல் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குத் திரையை விலக்கிவிடலாம் என்று தினமும் நினைத்தாளாம். காலையில் கடை திறக்கும்போது யாராவது வந்து நிற்பார்கள். நினைப்பு அப்படியே தள்ளிப்போகும். 'இன்னும் கொஞ்சம் வீக்கம் வடியட்டும்' என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. வடிந்திருக்கிறதா என்று பார்க்கவும் வெளிச்சம் இல்லை. கட்டு மாற்றுவதைக்கூட அவரே தடவித் தடவிச் செய்துகொண்டார்.

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா சொன்ன கெடு தாண்டியிருந்தது. முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு கையை மட்டும் கொஞ்ச நேரம் வெயிலில் நீட்டிப் பார்க்க வேண்டும், மறுநாள் சிவக்காமல் இருந்தால் படிப்படியாக வெளியே வரலாம் என்பது கணக்கு. அவர் பின்கதவைத் திறந்து, ஆள் உள்ளே நின்றபடி, இடது கையை மட்டும் சந்துக்குள் நீட்டினார். "ஆஹா, சூடு எப்படி இருக்கு!" என்று விரலை ஆட்டிக் காட்டினார்.

மறுநாள் அந்தக் கை பன் மாதிரி வீங்கியிருந்தது. செக்கச்செவேல் என்று, முஷ்டி மடக்க முடியாமல். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் என் கடைக்கு வந்தாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் பண்ணினதுக்கா. மருந்து அப்படியே தோல்ல நிக்குது. இருட்டுல வைக்காதேன்னு சொன்னாங்க. வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். இல்லாவிட்டால் துணி போயிருக்கும்.

"ஏன்டி?"

"எவளாவது உள்ள எட்டிப் பாத்துட்டு, இவர்தானான்னு கேப்பாளேன்னு. அது மட்டும் இல்லக்கா." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கே பாக்க முடியல. சோறு போடும்போது குமட்டும். அவர் கண்டுபிடிச்சிடுவாரோன்னு பயம். இருட்டுல குமட்டல. வெக்கமா இருக்குக்கா. வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்ட சொல்லு. டாக்டர்கிட்ட சொல்லு."

"நீங்களும் கூட வாங்க" என்றாள்.

போனேன். குடை, தொப்பி, கையுறை, கழுத்துவரை துணி. பஸ்ஸில் அவரைப் பார்த்து ஒருவன், "கொள்ளையடிக்கவா?" என்றான். "பங்கு வேணுமா?" என்றார் அவர். இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா துணியை விலக்கினார். அத்தனை நாளுக்கு அப்புறம் அப்போதுதான் நாங்கள் எல்லோருமே அந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தோம். வீக்கம் வடிந்திருந்தது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். குழி பாதிக்குமேல் தூர்ந்திருந்தது. ஓரத்தில் மட்டும் கடுகளவு மிச்சம்.

"ரொம்ப நல்லா வந்திருக்கே! உங்க உடம்பு பிரமாதமா சண்டை போட்டிருக்கு. இன்னொரு தடவை செஞ்சா முடிஞ்சுடும்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. அப்புறம் கையுறையைக் கழற்றினார். முகம் மாறியது. "இது எப்ப ஆச்சு?"

சொன்னார்கள்.

"இவ்வளவு நாள் கழிச்சுமா? அப்ப உங்க உடம்பு இந்த மருந்தை வெளிய தள்ளல. இப்படிப்பட்டவங்களுக்கு மறுபடி ஏத்தறது ஆபத்து." யோசித்தார். "கத்திதான் வைக்கணும் போல. இந்த ஓரத்தை எடுத்துட்டுப் பக்கத்துச் சதையை இழுத்துத் தைக்கலாம். வீட்டுல சாதாரண வெளிச்சத்துலதானே இருந்தீங்க?"

அவள் உதடு பிரிந்தது. அதற்குள் அவர், "ஆமா டாக்டர். வெளிச்சத்துலதான் இருந்தேன்" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வெளிச்சமா? கறுப்புத் துணியை அழுத்தித் தேய்த்த கை இது! வாயைத் திறந்தேவிட்டேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். பொய் சொல்றாரு. இருட்டுல வச்சிருந்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வராம."

"நான் உங்ககிட்ட சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. நல்லாக் காதுல விழுந்துச்சு. அவர்கிட்ட நான் சொல்லல." டாக்டரம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னாள். "அவர் முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. கடைக்கு வர்றவங்க பாக்கக்கூடாதுன்னு மூடி வச்சேன். தப்பு அவர் உடம்புல இல்ல டாக்டர். எங்கிட்டதான். அதுக்காக அவர் மூக்கை எடுத்துடாதீங்க."

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் தேவலை. "சரி, இன்னிக்கே வீட்டுல திரையை எடுங்க. வெயில் மட்டும் படாமப் பாத்துக்கோங்க. கை ஆறினதும் மறுபடி கொஞ்ச நேரம் காட்டிப் பாப்போம். சிவக்கலைன்னா கத்தி வேண்டாம், லைட்டே போதும்" என்றார்.

வெளியே நீள நடையில் ஒரு பெஞ்சு. அவர் போய் உட்கார்ந்தார். மேலே டியூப் லைட் எரிந்தது. முகத்துணியை மறுபடி கட்ட அவர் மறந்துவிட்டார், அல்லது கட்டவில்லை. அவள் நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றாள். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, என் சுபாவம் அப்படி.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னதை உங்ககிட்ட மறைச்சேன்ல."

"எங்க மறைச்ச? கட்டு மாத்தும்போது நர்ஸம்மா என்கிட்டயும்தான் சொன்னாங்க. இருட்டுல உக்காந்துடாதீங்கன்னு."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுக்கிட்டேவா ஏணியைப் பிடிச்சீங்க?"

"ஆமா."

"ஏன்?"

அவர் வீங்கின கையை நல்ல கையால் தடவிக்கொண்டிருந்தார். எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை. "வெளிச்சத்துல நீ தட்டை வச்சுட்டு, சுவரைப் பாத்துக்கிட்டே போயிடுவ. இது மூக்குல வந்த நாள்லேந்து அப்படித்தான். அந்த இருட்டுலதான் நீ பக்கத்துல உக்காந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசுன. அதுக்கு ஒரு மூக்கு போனாப் போகட்டும்னு நினைச்சேன்."

நடையில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் வந்து அவர் எதிரில் நின்றாள். குனிந்து, அந்த முகத்தை, மூக்கை, ஓரத்தில் மிச்சம் இருந்ததை எல்லாம் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அவர்தான் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.